அடித்துவிட்டுப் போனவரை ஆராதித்தல்: சொந்த மைதான ரசிகரின் ஞாபகசக்தி குறித்த ஓர் ஆய்வேடு

1. ஆய்வின் தேவை

கால்பந்து ரசிகர் ஒருவரிடம், "உங்கள் மைதானத்தில் நீங்கள் பார்த்ததிலேயே பெரிய ஆட்டக்காரர் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் சொந்த அணிக்காரர் ஒருவரின் பெயர் வரும். அது கடமைக்குச் சொல்வது. பிறகு நாற்காலியில் சற்று முன்னே நகர்ந்து உட்கார்ந்து, "ஆனா ஒருநாள் ஒருத்தன் வந்தான் பாருங்க..." என்று ஆரம்பிப்பார். அந்த ஒருத்தன் எதிரணிக்காரன். அன்று அவன் இவருடைய அணியை நார்நாராகக் கிழித்திருப்பான். அதை விவரிக்கும்போது இவர் முகத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்த பெருமிதம் தெரியும்.

சொந்தக் காசில் டிக்கெட் வாங்கி, சொந்த ஊரில் உட்கார்ந்து, சொந்த அணி உதைபடுவதைப் பார்த்துவிட்டு வந்தவர், உதைத்தவனை ஆயுள் முழுக்கப் புகழ்வது ஏன்? பொருளாதாரம் இதை விளக்காது. உளவியல் விளக்கக்கூடும், ஆனால் அதற்குப் புத்தகம் படிக்க வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட வழியாக இவ்வாய்வேடு உங்கள் முன் வைக்கப்படுகிறது.

இவ்வாய்வின் கருதுகோள் இது: எதிரணி வீரரை நினைவில் வைத்திருப்பது பெருந்தன்மை அல்ல, நன்றாகக் கணக்குப் போட்டுச் செய்யப்படும் காரியம். கணக்கு போடுபவருக்கே தெரியாமல் அது நடக்கிறது என்பதுதான் அதன் அழகு.

2. எல்லை வரையறை

'வந்தவர்' என்ற தகுதியைப் பெற ஒருவர் மூன்று நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும். ஒன்று, எதிரணிச் சட்டை போட்டிருக்க வேண்டும். இரண்டு, ஆட்டத்தில் ஏதாவது செய்திருக்க வேண்டும், அல்லது செய்தார் என்று பிற்பாடு நம்பப்பட வேண்டும். மூன்று, ஆட்டம் முடிந்ததும் பஸ் ஏறி ஊருக்குப் போய்விட வேண்டும். மூன்றாவது நிபந்தனையே முக்கியமானது என்பது போகப்போகத் தெரியும்.

முன்பு நம்மவராக இருந்து, எதிரணிக்குப் போய், அந்தச் சட்டையோடு திரும்பி வருபவர்கள் இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. பார்சிலோனாவிலிருந்து 2000-ல் ரியல் மாட்ரிட்டுக்குத் தாவிய லூயிஸ் ஃபிகோ, 2002 நவம்பரில் பார்சிலோனாவின் கேம்ப் நூ மைதானத்தில் கார்னர் கிக் அடிக்கப் போனார். அவரை நோக்கி வந்து விழுந்த பொருள்களில் ஒரு பன்றித் தலையும் இருந்தது. அதுவும் ஒருவகை நினைவாற்றல்தான். ஆனால் அதை ஆராய வேண்டியது குற்றவியல் துறை.

3. ஆய்வு முறை

ஐரோப்பியக் கோப்பை ஆட்டங்கள் 2018 வரை கோடைக்காலத்தில் இந்திய நேரப்படி நள்ளிரவு 12:15-க்குத் தொடங்கியவை. ஆகவே களப்பணி பெரும்பாலும் டிவி சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, வாயைத் திறக்காமலேயே "கோல்" என்று கத்தும் முறையில் மேற்கொள்ளப்பட்டது. குடும்பத்தாரின் ஒத்துழைப்பு கிடைத்தது என்று சொல்வதற்கில்லை; அவர்கள் தூங்கினார்கள், அதுவே போதுமானதாக இருந்தது.

வினாப்பட்டியல் எதுவும் தயாரிக்கப்படவில்லை. ரசிகரிடம் வினாப்பட்டியலை நீட்டினால் அதன் பின்பக்கத்தில் அணியின் அமைப்பை வரைந்து காட்ட ஆரம்பித்துவிடுவார். புள்ளிவிவரங்களும் தவிர்க்கப்பட்டன. ரசிகரின் நினைவிலேயே புள்ளிவிவரத்துக்கு இடமில்லாதபோது, அந்த நினைவை ஆராயும் ஏட்டில் மட்டும் அதற்கு இடம் கொடுப்பது முறையாகாது.

4. முன்னோர் கருத்து

இத்துறையின் மூத்த அறிஞராக வெண்ணிக் குயத்தியாரைக் கொள்ளலாம். வெண்ணிப் போரில் சேரனை வென்ற கரிகாலனிடமே, உன்னைவிட உன்னிடம் முதுகில் புண்பட்டு, நாணி வடக்கிருந்தானே, அவன்தான் நல்லவன் என்ற பொருள்படப் பாடியவர் அவர். புறநானூற்றில் 66-ஆம் பாட்டு. போர் நடந்தது சோழநாட்டு வெண்ணி, புலவருக்கும் அதே ஊர், புகழப்பட்டவரோ வெளியூர்க்காரர். சொந்த மைதானத்தில் நின்று, சொந்த அணித் தலைவரின் முகத்துக்கு நேராக எதிரணிக்குக் கைதட்டிய நிகழ்வுக்கு இதைவிடத் துணிச்சலான சான்றை ஐரோப்பாவில் தேடினாலும் கிடைக்காது.

ஆனால் ஒரு வேறுபாடு. குயத்தியார் புகழ்ந்தது தோற்றவரை. ஜெயித்தபின் தோற்றவரைப் புகழ்வது வயிறு நிறைந்தபின் செய்யும் தானம். கால்பந்து ரசிகர் பசியோடு இருக்கும்போதே செய்கிறார். ஆகவே இது தனியாக ஆராயத்தக்கது.

5. முதன்மைக் களம்: மாட்ரிட், சாண்டியாகோ பெர்னபியூ

1947-ல் திறக்கப்பட்ட இந்த மைதானத்தின் ரசிகர்கள் எளிதில் திருப்தி அடையாதவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள். சொந்த அணி ஜெயித்தாலும், அழகாக ஜெயிக்கவில்லை என்றால் விசிலடித்துத் திட்டுவார்கள். அப்படிப்பட்டவர்கள் எழுந்து நின்று கைதட்டுவதே அபூர்வம். அதையும் எதிரணிக்குத் தட்டினார்கள் என்றால் ஆய்வாளரின் பேனா தானாக நகரத் தொடங்கும்.

1983 ஜூன் 26. இரண்டு ஆட்டங்களாக நடந்த லீக் கோப்பை இறுதிப்போட்டியின் முதல் ஆட்டம். பார்சிலோனாவுக்கு ஆடிய மரடோனா தனியாகப் பந்தோடு வந்து கோல்கீப்பர் அகுஸ்டினைக் கடந்தார். முன்னால் காலியான கோல். ஒரு தட்டு தட்டினால் முடிந்தது. அவர் தட்டவில்லை, நின்றார். பின்னாலிருந்து மாட்ரிட்டின் தடுப்பாட்டக்காரர் ஹுவான் ஹோசே உயிரைக் கொடுத்து ஓடிவந்து, பந்தைத் தடுக்கச் சறுக்கிக்கொண்டே பாய்ந்தார். மரடோனா பந்தை லேசாக உள்ளே இழுத்துக்கொண்டார். ஹுவான் ஹோசே சறுக்கிய வேகத்தில் நேராகக் கோல்போஸ்ட்டில் போய் மோதினார், அதுவும் ஓர் ஆண் மோதக்கூடாத இடம் மோதும்படி. அதன் பிறகுதான் மரடோனா பந்தை உள்ளே உருட்டிவிட்டார். மைதானத்தில் கைதட்டல் எழுந்தது. தன் அணிக்காரர் போஸ்ட்டைக் கட்டிப்பிடித்தபடி கிடக்க, மாட்ரிட் ரசிகர்கள் அவரை அங்கே அனுப்பிவைத்தவரைப் பாராட்டினார்கள். ஆட்டம் 2-2 என முடிந்தது. அந்த ஸ்கோர் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? ஹுவான் ஹோசேவுக்கு ஏற்பட்ட கதியோ யாருக்கும் மறக்கவில்லை.

2005 நவம்பர் 19. பார்சிலோனாவின் ரொனால்டினோ இடதுபக்க ஓரத்தில் பந்தை வாங்கி, செர்ஜியோ ராமோஸைத் தாண்டி உள்ளே புகுந்து ஒரு கோல். சற்று நேரம் கழித்து அதே பக்கம், அதே பாதை, அதே முடிவு, இன்னொரு கோல். இரண்டாவது முறையும் அதே வழியாகத்தான் வரப்போகிறார் என்று எண்பதாயிரம் பேருக்குத் தெரிந்திருந்தது. தடுக்க வேண்டியவர்களுக்கு மட்டும் தெரியவில்லை. பார்சிலோனா 3, மாட்ரிட் 0. வெள்ளைச் சட்டை ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்; காமிரா அவர்களைத் தேடித்தேடிப் படம் பிடித்தது.

2008 நவம்பர் 5. யுவென்டஸின் டெல் பியரோ, 34-ஆம் பிறந்தநாளுக்கு நான்கு நாள் முன்பு, இரண்டு கோல் அடித்து 2-0 என மாட்ரிட்டைத் தோற்கடித்தார். வெளியே அழைக்கப்பட்டபோது மைதானமே எழுந்து வழியனுப்பியது. 2015 நவம்பரில் பார்சிலோனா 4-0 என ஜெயித்த நாளில் இனியெஸ்டாவுக்கும் அதே மரியாதை. ஆனால் இனியெஸ்டா 2010 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஸ்பெயினுக்காகக் கோல் அடித்தவர். அந்நாட்டு மைதானங்களில் அவர் பொதுச்சொத்து. பொதுச்சொத்துக்குக் கைதட்டுவதை இவ்வாய்வு அரை மதிப்பெண்ணாகவே கணக்கிடுகிறது.

6. கண்டறியப்பட்ட விதிகள்

முதல் விதி: தோல்வியின் கௌரவம், தோற்கடித்தவரின் உயரத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

யாரோ ஒரு பெயர் தெரியாதவர் அடித்த கோலில் தோற்றால் அது அவமானம். பெரிய ஆட்டக்காரர் அடித்தால் அது சரித்திரம். ஆகவே தோற்றபின் ரசிகர் செய்யக்கூடிய ஒரே ஆக்கபூர்வமான வேலை, அடித்தவரைப் பெரியவராக்குவது.

இதற்கு உன்னதச் சான்று 1953 நவம்பர் 25, லண்டன் வெம்பிளி. அதற்குமுன் ஐரோப்பியக் கண்டத்து அணி எதுவும் இங்கிலாந்தை இங்கிலாந்து மண்ணில் வென்றதில்லை. ஹங்கேரி வந்தது. முதல் நிமிடத்திலேயே ஹிதேகுட்டி ஒரு கோல். மொத்தம் 6-3. அவற்றில் ஹிதேகுட்டி மூன்று, புஷ்காஷ் இரண்டு. புஷ்காஷ் அடித்த ஒன்றில், இங்கிலாந்து கேப்டன் பில்லி ரைட் முழு வேகத்தில் பந்தைப் பறிக்கச் சறுக்கினார். புஷ்காஷ் பாதத்தின் அடியால் பந்தைப் பின்னுக்கு இழுத்தார். ரைட், பந்து ஒரு நொடிக்கு முன்பு இருந்த இடத்தை வெற்றிகரமாகச் சென்றடைந்தார். பந்து வேறு இடத்திலிருந்து கோலுக்குள் போனது.

ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அதைப் பார்த்தார்கள். அவர்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன: ஒன்று, எங்கள் அணி மோசம் என்று ஒப்புக்கொள்வது, மற்றது, வந்தவர்கள் வேற்றுக்கிரகத்து ஆட்டம் ஆடினார்கள் என்பது. இங்கிலாந்து இரண்டாவதையே தேர்ந்தெடுத்து, இன்றுவரை அந்த ஆட்டத்தைப் பாடமாகச் சொல்லிவருகிறது. அடுத்த ஆண்டு மே மாதம் புடாபெஸ்டில் மறுபடி மோதியபோது 7-1 என இன்னும் மோசமாகத் தோற்றார்கள். அதைப் பற்றி இங்கிலாந்தில் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஏனென்றால் அது அடுத்தவர் மைதானம். அங்கே யாரும் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கவில்லை.

இரண்டாம் விதி: வந்தவருக்குத் தட்டும் கை, நம்மவரின் கன்னத்தை நோக்கியது.

"பக்கத்து வீட்டுப் பையனைப் பாரு, எப்படிப் படிக்கிறான்" என்று அம்மா சொல்லும்போது அவளுக்குப் பக்கத்து வீட்டுப் பையன் மேல் எந்த அக்கறையும் கிடையாது. அந்தப் பையன் ஒரு கருவி. 2005-ல் ரொனால்டினோவும் அப்படி ஒரு கருவியாகப் பயன்பட்டார் என்பது இவ்வாய்வின் துணிபு. ஜிடேன், ரொனால்டோ, பெக்காம், ராபர்ட்டோ கார்லோஸ் என்று பணத்தைக் கொட்டிச் சேர்த்த அணி 3-0 எனத் தோற்றபோது, மாட்ரிட் ரசிகர் தன் அணியைத் திட்டவேண்டும். விசில் அடித்து அலுத்துப்போயிருந்தது. எதிரிக்குக் கைதட்டுவதைவிடக் கொடூரமான திட்டு கிடையாது. செய்தி உரியவர்களைப் போய்ச் சேர்ந்தது: இரண்டு வாரம் கடந்ததுமே பயிற்சியாளர் லக்சம்பர்கோ வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ரொனால்டினோவோ அந்த மாதக் கடைசியில் ஐரோப்பாவின் தங்கப் பந்து விருதை வாங்கினார். ஒரே கைதட்டலில் இரண்டு காரியம்.

மூன்றாம் விதி: காலப்போக்கில் ஸ்கோர் ஆவியாகும், ஆள் மட்டும் மிஞ்சுவார்.

2003 ஏப்ரல் 23, மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்ட். ரியல் மாட்ரிட்டின் ரொனால்டோ (பிரேசில்காரர், இப்பெயரில் இன்னொருவர் 8-ஆம் இயலில் வருவார்) மூன்று கோல் அடித்தார். பயிற்சியாளர் அவரை வெளியே அழைத்தபோது யுனைடெட் ரசிகர்கள் மைதானம் முழுக்க எழுந்து நின்று கைதட்டினார்கள். அன்றிரவைப் பற்றிப் பேசும் யாரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: அன்று ஜெயித்தது யார்? பெரும்பாலோர் தயங்காமல் மாட்ரிட் என்பார்கள். உண்மையில் ஜெயித்தது மான்செஸ்டர் யுனைடெட், 4-3. அப்போது யுனைடெட்டில் இருந்த பெக்காம் மாற்று ஆட்டக்காரராக இறங்கி இரண்டு கோல் அடித்தார். இரண்டு ஆட்டச் சுற்றின் முதல் ஆட்டத்தில் 3-1 என வாங்கியிருந்ததால் மொத்தக் கணக்கில் 6-5 என மாட்ரிட் முன்னேறியது, அவ்வளவுதான். சொந்த அணி அடித்த நான்கு கோலை மறந்து, வந்தவர் அடித்த மூன்றை மனப்பாடமாக வைத்திருக்கும் இந்த மனநிலையை மருத்துவ உலகம் இன்னும் ஒரு நோயாக அங்கீகரிக்கவில்லை.

நான்காம் விதி: ஆட்டம் முடிந்தபின்னும் மைதானத்துக்குள் கூட்டம் வந்துகொண்டே இருக்கும்.

1977 செப்டம்பர் 24, கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ். மழையில் நனைந்து சதசதத்துக் கிடந்த மைதானத்தில் மோகன் பகானுக்கு எதிராக நியூயார்க் காஸ்மாஸ் ஆடியது. காஸ்மாஸில் பீலே. ஓய்வுபெறும் கடைசி ஆட்டத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. ஷ்யாம் தாபா ஒன்று, ஹைதராபாத்காரரான முகமது ஹபீப் ஒன்று எனப் பகான் 2-1 என்று முன்னிலைக்கு வந்தது. கடைசிக் கட்டத்தில் ஒரு பெனால்ட்டி கிடைத்து, கினாலியா அதைக் கோலாக்கினார். 2-2. பீலேயைக் கண்காணிக்கும் பொறுப்பு கௌதம் சர்க்காரிடம் இருந்தது. பீலே கோல் எதுவும் அடிக்கவில்லை.

கோல் எதுவும் அடிக்காத அந்த மனிதரைத்தான் நகரமே நினைவில் வைத்திருக்கிறது. அன்று நான் ஈடனில் இருந்தேன் என்று சொல்லும் அனைவரையும் உட்கார வைப்பதென்றால் ஹூக்ளி ஆற்றைத் தூர்த்து அக்கரைவரை நாற்காலி போட வேண்டியிருக்கும். இந்தக் கூட்டத்தை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

அ. நேரில் பார்த்தவர். இவர் அதிகம் பேசமாட்டார். மழையைப் பற்றித்தான் சொல்வார். "சேறு சார், ஒண்ணும் ஆட முடியல" என்பார். சான்றாக இவர் மிகவும் நம்பகமானவர், கதைசொல்லியாக மிகவும் பலவீனமானவர்.

ஆ. அப்பா பார்த்தவர். இவருடைய கதையில் மழை நின்றுவிடும். பீலே மூவரைக் கடந்து அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டுத் திரும்பும். இவர் சொல்வதைக் கேட்டால் நாமே அன்று அங்கே இருந்ததுபோல் இருக்கும். அவரும் அப்படித்தான் அங்கே இருந்தார்.

இ. டிக்கெட் கையில் இருந்தும் போகாதவர். பரீட்சை, கல்யாணம், காய்ச்சல் என்று ஏதாவது ஒரு காரணம். இவரே இத்துறையின் தீராத ஆவி. பார்த்தவனுக்கு ஒரு பீலேதான் தெரியும். பார்க்காமல் விட்டவனுக்கு எத்தனை பீலே வேண்டுமானாலும் தெரியும்.

ஐந்தாம் விதி: விருந்தும் மருந்தும் மூன்று நாள், கால்பந்தில் தொண்ணூறு நிமிடம்.

வந்தவரின் மிகப்பெரிய குணம் அவர் போய்விடுவது. நம் அணிக்காரர் ஆண்டுக்கு நாற்பது ஐம்பது முறை நம் கண்முன் ஓடுகிறார். அவர் பெனால்ட்டியை வீணாக்குவதை, வயிறு போடுவதை, சம்பளத்துக்குச் சண்டை போடுவதை, மழைக்கால செவ்வாய்க்கிழமையில் வேண்டாவெறுப்பாக ஆடுவதை எல்லாம் பார்க்கிறோம். வந்தவருக்கு இந்தக் குறைகள் எதுவும் இல்லை. இருந்தால் அவருடைய சொந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும், நமக்கென்ன?

7. சூத்திரம்

மேற்கண்ட விதிகளைத் தொகுத்தால் கீழ்வரும் சமன்பாடு கிடைக்கிறது:

நினைவின் ஆயுள் = (வந்தவரின் உயரம் × நம் தோல்வியின் வலி) ÷ அவர் நம் ஊரில் தங்கிய காலம்.

தங்கிய காலம் குறையக் குறைய நினைவு முடிவிலியை நோக்கிப் போகும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு தெரிந்தவர்களுக்கே புரியும்.

ஒரு சிக்கல் உண்டு. 2016 மார்ச் 8 அன்று ரோமா அணியின் டோட்டி, 39 வயதில், பெர்னபியூவில் மாற்று ஆட்டக்காரராகப் பிற்பாதியில் இறங்கினார். அவர் குறிப்பிடும்படி எதையும் செய்துவிடவில்லை. மாட்ரிட் 2-0 என ஜெயித்தது. தோல்வியின் வலி பூஜ்யம். எனவே சமன்பாட்டின்படி நினைவும் பூஜ்யமாக வேண்டும். ஆனால் அவர் உள்ளே வந்தபோதே மைதானம் எழுந்து நின்று கைதட்டியது. சூத்திரத்தைத் திருத்துவதா, டோட்டியைத் திருத்துவதா என்ற கேள்விக்கு, அவர் மறு ஆண்டே ஓய்வுபெற்றுவிட்டதால் பிரச்சினை முடிந்ததாகக் கருதப்படுகிறது.

8. கொள்முதல் பிறழ்வு

நினைவு முற்றிப்போய், வந்தவரை விலைக்கே வாங்கிவிடும் அணிகளும் உண்டு. 1952-ல் மாட்ரிட் கிளப்பின் பொன்விழாவுக்குக் கொலம்பியாவின் மில்லோனாரியோஸ் அணி வந்தது. விருந்தாளிகள் விழா வீட்டுக்காரர்களையே 4-2 என வென்றார்கள். அவர்களில் ஆல்ஃப்ரெடோ டி ஸ்டெபானோ என்று ஒருவர். மாட்ரிட் தலைவர் பெர்னபியூ கைதட்டலோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பார்சிலோனாவும் அவருக்கு வலைவீசிய பெரும் இழுபறிக்குப் பிறகு, 1953-ல் அவர் மாட்ரிட் சட்டை போட்டார். 1956 முதல் 1960 வரை ஐரோப்பியக் கோப்பை ஐந்து முறையும் மாட்ரிட்டுக்கே வந்தது. ஐந்தாம் விதிக்கு இது பலமான அடி. நேர்மையான ஆய்வாளர் இதை மறைக்கமாட்டார். ஆனால் இயலின் நடுவில் வைத்துவிட்டு வேகமாகக் கடந்துபோவார்.

மறுபக்கம் டூரின். 2018 ஏப்ரல் 3. இன்னொரு ரொனால்டோ, போர்ச்சுகலின் கிறிஸ்டியானோ, யுவென்டஸ் மைதானத்தில் தரைக்கு முதுகு காட்டி ஆகாயத்தில் படுத்தபடி, தலைக்கு மேலே காலைத் தூக்கிப் பந்தை அடித்தார். கோல்கீப்பர் புஃபோன் அசையவே இல்லை. மாட்ரிட் பயிற்சியாளர் ஜிடேன் தன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார். யுவென்டஸ் ரசிகர்கள் எழுந்து கைதட்ட, அடித்தவர் நெஞ்சில் கைவைத்துத் தலைகுனிந்து நன்றி சொன்னார். மூன்று மாதம் கழித்து, ஜூலையில், அதே யுவென்டஸ் 10 கோடி யூரோ கொடுத்து அவரை வாங்கியது. மூன்று பருவங்களில் 101 கோல் அடித்தார். இரண்டு முறை லீக் பட்டமும் வந்தது. ஆனால் எதற்காக வாங்கினார்களோ அந்த ஐரோப்பியக் கோப்பையில் காலிறுதியைத் தாண்டவே இல்லை. 2021-ல் போய்விட்டார். டூரின் மைதானத்தில் அவர் அடித்த கோல்களில் எது சிறந்தது என்று கேட்டால், யுவென்டஸ் சட்டையில் அடித்த எதுவும் அந்த ஒன்றுக்கு உறைபோடக் காணாது. தங்கிய காலம் கூடினால் நினைவு மங்கும் என்பதற்கு இதைவிட விலையுயர்ந்த பரிசோதனை உலகில் நடந்ததில்லை.

9. எதிர்வாதமும் மறுப்பும்

எல்லாமே கணக்கா, ரசிகருக்கு நல்ல மனசே கிடையாதா என்று கேட்பவர்கள் இரண்டு சான்றுகளை நீட்டுவார்கள்.

ஒன்று, பொகோட்டா, 1968. சான்டோஸ் அணியோடு வந்த பீலேயை நடுவர் வெளியேற்றினார். உள்ளூர்க் கூட்டம் கொந்தளித்தது. கடைசியில் பீலே திரும்ப உள்ளே வந்தார், நடுவர் வெளியே போனார். கால்பந்துச் சட்டப் புத்தகத்தின் எந்தப் பக்கத்திலும் இதற்கு இடமில்லை. ஆனால் இது மனசுக்குச் சான்றா? பீலேயைப் பார்க்கக் காசு கொடுத்தவர்கள் அவர்கள். நடுவரைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்குவதில்லை. ஆகவே இதை நுகர்வோர் பாதுகாப்பு என்ற தலைப்பில் வைப்பதே பொருத்தம்.

மற்றது, மிடில்ஸ்பரோ, 1966. உலகக் கோப்பைக்கு வந்த வடகொரிய அணியை, அந்தத் தொழில் நகரம் தன் அயர்சம் பார்க் மைதானத்தில் தத்தெடுத்துக்கொண்டது. ஜூலை 19 அன்று பாக் டூ இக் அடித்த ஒற்றைக் கோலில் இத்தாலி தோற்று வீட்டுக்குப் போனது. இத்தாலி வீரர்களை ஊரில் அழுகிய தக்காளி வரவேற்றது. காலிறுதியில் கொரியர்கள் போர்ச்சுகலுக்கு எதிராக 3-0 என முன்னிலை பெற்று, யூசேபியோவின் நான்கு கோல்களில் 5-3 எனத் தோற்றார்கள். ஆட்டம் நடந்தது லிவர்பூலில். அங்கேயும் அவர்களுக்காகக் கத்த மிடில்ஸ்பரோக்காரர்கள் போயிருந்தார்கள். பின்னாளில் அயர்சம் பார்க் இடிக்கப்பட்டு வீடுகள் வந்தன. குடியிருப்பு நடுவே, பாக் டூ இக் பந்தை அடித்த இடத்துக்கு ஓர் அடையாளம் பதித்துவைத்தார்கள். 2002-ல் அந்த அணியில் உயிரோடு இருந்தவர்கள் மறுபடி ஊருக்கு வந்தபோது வரவேற்பு குறையவில்லை.

மறுப்பு எழுத ஆய்வாளருக்கு வழி இருக்கிறது. வடகொரியர்களின் சட்டை நிறமும் சிவப்பு, மிடில்ஸ்பரோவின் நிறமும் சிவப்பு. மேலும் அந்த ஆண்டுதான் மிடில்ஸ்பரோ மூன்றாம் பிரிவுக்கு இறக்கப்பட்டிருந்தது. சிவப்புச் சட்டை ஜெயிப்பதைப் பார்க்க ஊர் ஏங்கிக்கிடந்தது. யார் போட்டிருந்தால் என்ன? இவ்வாறு இரண்டாம் விதியில் கொண்டுவந்து அடைத்துவிடலாம்.

அடைத்தாலும் ஓர் இடம் உதைக்கிறது. இத்தாலியை வென்ற அன்று மைதானத்தில் இருந்தவர்கள் பதினெட்டாயிரம் பேருக்கும் குறைவு. அவர்கள் பெற்ற லாபம் ஒன்றுமில்லை. திட்டுவதற்கு அவர்கள் அணி அங்கே ஆடவும் இல்லை. ஆனாலும் ஒரு தலைமுறைக்கு மேல் ஞாபகம் வைத்திருந்து, மைதானமே போனபின்னும் இடத்தைக் குறித்துவைத்தார்கள். இவ்வேட்டின் கருதுகோளுக்கு இது பொருந்தவில்லை. தேர்வாளர்கள் இந்தப் பத்தியைப் பெரிதுபடுத்தமாட்டார்கள் என்று நம்பப்படுகிறது.

10. முடிவுகளும் பரிந்துரைகளும்

அ. வந்தவரைப் புகழ்வது சொந்த அணிக்குச் செய்யும் துரோகம் அல்ல. தோல்விக்குச் செய்யும் மராமத்து.

ஆ. கைதட்டல், கைதட்டப்படுபவரைவிட வேறு யாருக்கோ கேட்கவேண்டும் என்பதற்காகவே பெரும்பாலும் தட்டப்படுகிறது.

இ. பிடித்துப்போன எதிரணி வீரரை வாங்கலாமா என்று கிளப் நிர்வாகிகள் கேட்டால், அவர் டி ஸ்டெபானோவாக இருந்தால் வாங்குக. இல்லையெனில் கைதட்டி அனுப்பிவைப்பதே சிக்கனம்.

ஈ. ஈடன் கார்டன்ஸில் பீலேயைப் பார்த்ததாகச் சொல்பவரிடம் மழை பெய்ததா என்று கேட்கவும். இல்லை என்றால், அவர் அப்பாவின் பெயரைக் குறித்துக்கொள்ளவும்.

உ. வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் மைதானத்தில், அது மாவட்ட லீக் ஆட்டமாக இருந்தாலும் சரி, வெளியூர்ப் பையன் ஒருவன் உங்கள் ஆட்களை வரிசையாகக் கடந்து கோல் அடித்தால், தயங்காமல் எழுந்து நின்று கைதட்டுங்கள். செலவு ஒன்றுமில்லை, தோல்வியும் கொஞ்சம் லேசாகும். ஆனால் வீட்டுக்கு வந்ததும் ஸ்கோரை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு வையுங்கள். 2003 ஏப்ரல் 23 அன்று ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட் ஜெயித்தது.